ஒரு தலைக்கு முப்பது பவுண்டு

சரக்கு – வரலாற்றுத் தொடர் – 6

ஜூரிகளுக்கு அதிக யோசனை தேவைப்படவில்லை. இன்ஷூரன்ஸ்காரர்கள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

1783 மார்ச் 6, லண்டன் கில்டுஹால். வழக்குத் தொடுத்தவர் லிவர்பூலின் முன்னாள் மேயரும் பெரிய கப்பல் முதலாளியுமான வில்லியம் கிரெக்சன். கூடவே அவருடைய கூட்டாளிகள். எதிர்த் தரப்பில், அவர்களுடைய ‘ஸோங்’ கப்பலின் சரக்குக்குக் காப்பீடு எழுதிக் கொடுத்தவர்கள். கடலோடு போன சரக்குக்கு ஒரு தலைக்கு 30 பவுண்டு வேண்டும் என்பது கோரிக்கை. அந்த மண்டபத்தில் குற்றவாளிக் கூண்டில் ஒருவரும் நிற்கவில்லை. நடந்தது கொலை வழக்கே அல்ல. வரவு செலவுத் தகராறு.

சென்ற வாரம் பார்த்ததை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். 1781 ஆகஸ்டில் 442 ஆப்பிரிக்கர்களை அடைத்துக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ராவிலிருந்து கிளம்பியது ஸோங். தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்குக் கூட்டம். கேப்டன் லூக் காலிங்வுட் அதற்கு முன்பு கப்பல் வைத்தியராக இருந்தவர். ஒரு கப்பலுக்குத் தலைவராவது அதுவே முதல் தடவை. ஜமைக்கா கண்ணில் பட்டபோது, அதைப் பிரெஞ்சுக்காரர்களின் தீவு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்கள். தப்பு தெரிந்து திரும்பும்போது தண்ணீர் போதாது என்ற பேச்சு எழுந்தது. நவம்பர் 29 அன்று 54 பெண்களையும் குழந்தைகளையும் அறைச் சன்னல் வழியாகக் கடலில் தள்ளினார்கள். டிசம்பர் 1 அன்று 42 ஆண்கள். அடுத்து வந்த நாட்களில் இன்னும் 36 பேர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பத்துப் பேர், யார் கையும் தங்கள் மேல் படுவதற்கு முன் தாங்களே குதித்தார்கள்.

ஏன் தள்ளினார்கள் என்ற கேள்விக்குப் பதில் கடலில் இல்லை. காப்பீட்டு விதியில் இருக்கிறது.

அந்த விதி சொன்னது இதுதான். அடிமை நோயில் செத்தால் அது ‘இயற்கை மரணம்’. நஷ்டம் முதலாளியின் தலையில். கரை சேர்ந்தபின் செத்தாலும் அப்படியே. ஆனால் கப்பலுக்கு ஆபத்து வந்து, மிச்சத்தைக் காப்பாற்றுவதற்காகச் சரக்கின் ஒரு பகுதியைக் கடலில் எறிய நேர்ந்தால், எறிந்ததற்கு இன்ஷூரன்ஸ்காரர் பணம் கொடுக்க வேண்டும். மிளகு மூட்டைக்கும் சாராயப் பீப்பாய்க்கும் எழுதிய பழைய கடல் வழக்கம். அதை அப்படியே மனிதர்கள் மேலும் பொருத்தியிருந்தார்கள். ஸோங்கில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே செத்திருந்தார்கள். பலர் நோயில் கிடந்தார்கள். நோயாளி கப்பலிலேயே செத்தால் பூஜ்யம். கடலில் செத்தால் 30 பவுண்டு.

*

மார்ச் 19 அன்று கிரான்வில் ஷார்ப் என்பவரின் வீட்டுக் கதவைத் தட்டினார் ஒரு கறுப்பர். ஒலாடா எக்வியானோ. தானே அடிமையாக விற்கப்பட்டு, சொந்தமாகக் காசு சேர்த்துத் தன் விடுதலையை விலைக்கு வாங்கியவர். ஸோங் செய்தியை ஷார்ப்பிடம் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான்.

ஷார்ப் வக்கீல் அல்ல. அரசு அலுவலகத்தில் சாதாரண குமாஸ்தாவாக இருந்தவர். அடிமைகளுக்காக வழக்காட வேண்டும் என்பதற்காகவே சட்டத்தைத் தானாகப் படித்தவர். இந்த முறை அவர் செய்த முதல் காரியம், சுருக்கெழுத்தாளர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தியது. இன்ஷூரன்ஸ்காரர்கள் மறு விசாரணை கேட்டிருந்தார்கள். அந்த மனு மே 21, 22 தேதிகளில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு முன்னால் வந்தது. பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் ஷார்ப்பின் ஆள் எழுதிக்கொண்டே போனார். இன்று நமக்கு இவ்வளவு விவரம் தெரிகிறது என்றால் அந்தக் காகிதங்களால்தான். கப்பலின் நாட்குறிப்புப் புத்தகம் எப்போதோ ‘காணாமல்’ போயிருந்தது.

இரண்டாவது தவணை மனிதர்களைத் தள்ளிய சமயத்தில் நல்ல மழை பெய்தது என்பது அங்கேதான் வெளிவந்தது. பீப்பாய்களில் நீர் பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் தள்ளியிருக்கிறார்கள். ஜமைக்காவின் பிளாக் ரிவர் துறையில் கப்பல் நின்றபோது 420 காலன் தண்ணீர் மிச்சம் இருந்தது.

கப்பலின் துணை அதிகாரி ஜேம்ஸ் கெல்சால் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு சம்பவம் வருகிறது. கீழ்த்தளத்தில் விலங்கோடு கிடந்தவர்களில் ஒருவருக்கு ஆங்கிலம் தெரியும். மற்றவர்கள் சார்பில் அவர் கெல்சாலிடம் பேசினார். எங்களுக்குச் சாப்பாடு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், கரை வரும்வரை இரண்டும் இல்லாமல் இருந்துகொள்கிறோம், உயிரோடு மட்டும் விடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். அதன் பிறகும் ஆட்களை மேலே கொண்டுபோனார்கள். தள்ளப்பட்டவர்களில் ஒருவர் பக்கத்தில் தொங்கிய கயிற்றைப் பிடித்து, யார் கண்ணிலும் படாமல் மறுபடி ஏறி வந்து பிழைத்தார்.

‘அந்தக் காலத்து நியாயம் வேறு, இன்றைய கண்ணால் அதை அளக்கலாமா’ என்று கேட்பவர்கள் இந்த இருவரையும் மறந்துவிடுகிறார்கள். அவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தான். 1781-ல், அந்தக் கப்பலிலேயே, அந்த வியாபாரத்தைப் பற்றி அவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்கும் இடத்தில் சட்டம் இல்லை.

முதலாளிகள் தரப்பில் வாதாடியவர் ஜான் லீ. நாட்டின் சொலிசிட்டர் ஜெனரல். கொலை என்ற பேச்சே பைத்தியக்காரத்தனம் என்றார் அவர். சட்டப்படி இவர்கள் சொத்து. சொத்துக்கு உரியவன் அவசியம் நேர்ந்தால் அதை எறியலாம். ஷார்ப் பக்கம் கையைக் காட்டி, இங்கே ஒருவர் கொலை வழக்குப் போடத் துடிக்கிறார் என்றும் சொன்னார். மான்ஸ்ஃபீல்ட் ஜூரிகளின் மனநிலையை விளக்கினார்: குதிரைகளைக் கடலில் எறிந்தால் எப்படியோ அப்படித்தான் இதையும் அவர்கள் பார்த்தார்கள். கேட்கவே மனம் அதிர்கிறது என்று சொல்லவும் அவர் தவறவில்லை.

மான்ஸ்ஃபீல்ட் கல்நெஞ்சர் அல்ல. இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஓர் அடிமையைப் பலவந்தமாக நாடு கடத்த முடியாது என்று 1772-ல் சாமர்செட் வழக்கில் தீர்ப்புச் சொன்னவர் அவர். அவருடைய வீட்டிலேயே டிடோ பெல் என்ற பெண் வளர்ந்தாள். அவருடைய சகோதரி மகனுக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவள். மாலையில் வீடு திரும்பினால் அந்தப் பெண்ணோடு பேசிப் பழகும் மனிதர், காலையில் நீதிமன்றத்தில் உட்கார்ந்து அவளுடைய தாயைப் போன்றவர்களைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். அது நடந்ததாகப் பதிவு இல்லை. ஷார்ப் கடற்படைத் தலைமைக்குக் கடிதம் எழுதி, கொலைக் குற்றம் சாட்ட வேண்டினார். ஒருவர் மீதும் வழக்கு வரவில்லை.

*

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி, இந்தத் தொடர் முழுவதும் நம்மைப் பின்தொடரும் கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். பாவம் யாருடையது?

காலிங்வுட் மீது போட்டுவிடலாம். சுலபம். ஜமைக்காவில் இறங்கிய சில நாட்களில் அவர் இறந்தே போனார். மறுத்துப் பேச ஆள் இல்லை. ஆனால் தள்ளிய கை அவருடையது மட்டுமல்ல. மாலுமிகள் தள்ளினார்கள். மாட்டேன் என்று சொன்னால் நடுக்கடலில் அவர்கள் கதி என்ன? கிரெக்சன் லிவர்பூலில் இருந்தார். தள்ளு என்று அவர் சொல்லவில்லை. காப்பீடு எழுதியவர்கள் அந்தக் கப்பலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இன்னும் பின்னால் போனால் நம் கரைக்கே வந்து சேருவோம். ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஆட்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணிக்குப் பெரிய இடம் இருந்தது. சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த துணி, ‘கினி’ என்ற பெயரிலேயே மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கப்பலிலும், சென்னையிலிருந்து கம்பெனிக் கப்பலில் லண்டன் வழியாகவும். தறியில் உட்கார்ந்து பாவு ஓட்டியவருக்கு, முன்பணம் கொடுத்த தரகனைத் தவிர வேறு யாரையும் தெரியாது. அவர் துணிக்கு எதிரே எந்த ஊர்ப் பிள்ளையை நிறுத்தி விலை பேசினார்கள் என்று அவர் அறிய வழியே இல்லை.

ஆளுக்கு ஆள் பங்கு போட்டால் பாவம் கரைந்துகொண்டே போய், கடைசியில் யார் கையிலும் ஒட்டாமல் போய்விடும். அடிமை வியாபாரத்தை ஆதரித்தவர்கள் இதைத்தான் நம்பியிருந்தார்கள். தப்புச் செய்வது மனிதன். வியாபார முறைக்கு மனசாட்சி ஏது? கெட்ட கேப்டனைத் தண்டியுங்கள், வியாபாரத்தை விட்டுவிடுங்கள் என்பது அவர்கள் வாதம். இன்றும் வேறு வேறு தொழில்களைப் பற்றி இதே வாதத்தைக் கேட்கிறோம்.

இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணமும் ஸோங்கிலேயே இருக்கிறது. அங்கே யாரும் விதியை மீறிப் பணம் கேட்கவில்லை. விதியைப் பின்பற்றித்தான் கேட்டார்கள். நாணயமான வியாபாரி, ஒழுங்கான பேரேடு, படித்த நீதிபதி, பன்னிரண்டு ஜூரிகள், எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்து முடித்தபோது 132 பேரைக் கடலில் தள்ளியதற்குப் பணம் என்று தீர்ப்பு வந்தது. விதிகளை மீறியதால் கொலை நடந்தால் குற்றம் மீறியவனுடையது. விதிகளின்படி நடந்தால் கொலைக்குப் பணம் கிடைக்கும் என்றால் குற்றம் அந்த விதிகளுடையது. விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஒவ்வொரு வரியையும் யாரோ எழுதினார்கள், யாரோ கையெழுத்துப் போட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, கடலில் எறிந்த அடிமைகளுக்குக் காப்பீடு கிடையாது என்று பார்லிமென்ட் சட்டம் போட்டது. கேப்டன்கள் அதே கேப்டன்கள். ஆனால் ஸோங்கில் இருந்த அந்த லாபம் அதோடு இல்லாமல் போயிற்று. கைவைத்து மாற்ற முடிந்த ஒன்றைத் தப்பு என்று சொல்வதற்கு என்ன தடை?

*

1785. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பீட்டர் பெக்கார்ட், லத்தீன் கட்டுரைப் போட்டிக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார். ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக அவரை அடிமையாக்குவது நியாயமா?

போட்டியில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் தாமஸ் கிளார்க்சன். வயது 25. ஆறடி உயரம், சிவந்த தலைமுடி, பாதிரியாராகப் போகிறவர். முந்தைய ஆண்டு ஒரு பரிசு வாங்கியிருந்தார்; இதிலும் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தார். படிக்கப் படிக்கத் தூக்கம் போயிற்று. இரவில் மெழுகுவர்த்தியை அணைக்காமல் வைத்திருப்பார். நடுவில் ஏதாவது தோன்றினால் எழுந்து எழுதிக்கொள்வார்.

பரிசு கிடைத்தது. செனட் மண்டபத்தில் கட்டுரையை வாசித்துக் கைதட்டல் வாங்கிவிட்டு, குதிரையில் லண்டனுக்குக் கிளம்பினார். வழி நெடுக மனம் ஒரு நிலையில் இல்லை. ஹார்ட்ஃபர்ட்ஷயரில் வேட்ஸ்மில் என்ற ஊரருகே குதிரையை விட்டு இறங்கிச் சாலையோரப் புல்தரையில் உட்கார்ந்தார். தான் எழுதியது உண்மை என்றால், இதற்கு ஒரு முடிவு கட்ட யாராவது கிளம்பியாக வேண்டும் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. அந்த யாராவது நானாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. அவர் உட்கார்ந்த இடத்தில் இன்று ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

1787 மே 22. லண்டன், ஜார்ஜ் யார்டு, இரண்டாம் எண். ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் என்பவரின் அச்சுக்கூடமும் புத்தகக் கடையும். மை வாசனைக்கு நடுவே பன்னிரண்டு பேர் கூடினார்கள். ஒன்பது பேர் குவேக்கர் சமயத்தினர். மீதி மூவரில் ஷார்ப் ஒருவர், கிளார்க்சன் ஒருவர்.

முதல் சர்ச்சையே பெரிய சர்ச்சை. எதை எதிர்ப்பது? கடலில் நடக்கும் ஆள் வியாபாரத்தையா, தோட்டங்களில் நடக்கும் அடிமை முறை முழுவதையுமா? முழுவதையும் தொட்டால் சொத்துரிமையில் கைவைக்கிறார்கள் என்று நாடே எதிர்க்கும் என்று பெரும்பாலோர் பயந்தார்கள். வியாபாரத்தை மட்டும் நிறுத்துவோம். புது ஆள் வராவிட்டால் முதலாளிகள் இருப்பவர்களையாவது ஒழுங்காக நடத்துவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஷார்ப் கடுமையாக எதிர்த்தார். அடிமை முறையே பாவம் என்று தெரிந்தும் பாதியை மட்டும் சொல்வது அவருக்குப் பொறுக்கவில்லை. தோற்றுப்போனார். அந்த மேஜையில் இருந்திருந்தால் நான் ஷார்ப் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். வியாபாரம் 1807-ல் தடை செய்யப்பட்டது. அடிமைகளை விடுவிக்கும் சட்டம் 1833 வரை வரவில்லை. அந்த இடைவெளியில் தோட்டங்களிலேயே பிறந்து தோட்டங்களிலேயே செத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் கிளார்க்சனுக்குக் கிடைத்த வேலை முக்கியமானது. சாட்சி தேடுவது. பார்லிமென்ட் முன்னால் கண்ணீரைக் கொண்டுபோக முடியாது, காகிதம் வேண்டும்.

*

பிரிஸ்டல் துறைமுகத்தில் ‘செவன் ஸ்டார்ஸ்’ என்ற மதுக்கடை. அதன் உரிமையாளர் தாம்ப்சன் இரவு நேரங்களில் கிளார்க்சனைச் சந்து சந்தாக அழைத்துப் போனார். அடிமைக் கப்பலுக்கு மாலுமி பிடிக்கிற விதத்தை அங்கே கண்ணால் பார்த்தார் கிளார்க்சன். ஊற்றிக் கொடுத்து நினைவு தப்பியதும் தூக்கிக்கொண்டு போவது ஒரு வழி. கடனில் மூழ்கவைத்துவிட்டு, ஜெயிலா கப்பலா என்று கேட்பது இன்னொரு வழி.

பகலில் கப்பல்களின் மாலுமிப் பட்டியல்களைப் புரட்டினார். ஒவ்வொரு கப்பலிலும் எத்தனை மாலுமிகள் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று பெயர் பெயராக எழுதினார். இந்த வியாபாரம் கடற்படைக்கு ஆள் தயாரிக்கும் பள்ளிக்கூடம் என்று அதன் ஆதரவாளர்கள் முழங்கிக்கொண்டிருந்தார்கள். பட்டியல்கள் வேறு சொல்லின. போன மாலுமிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. கறுப்பர்களின் சாவை நஷ்டக் கணக்கில் எழுதிய ஏற்பாடு, வெள்ளை மாலுமியின் சாவை நஷ்டமாகக்கூட எழுதவில்லை. செத்தவனுக்குச் சம்பளம் மிச்சம், அவ்வளவுதான்.

பிறகு லிவர்பூல். ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் சில இரும்புச் சாமான்கள் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்து நின்றார். கைவிலங்கு, கால்விலங்கு, கட்டை விரலைத் திருகி நசுக்கும் திருகாணி. நான்காவது சாமான் என்னவென்று அவருக்குப் புரியவில்லை. கவராயம் போல இரண்டு கால், அதை விரிக்க ஒரு திருகு. கடைக்காரர் விளக்கினார். பட்டினி கிடந்து சாகப் பார்க்கும் அடிமையின் பல்லிடுக்கில் இதைச் செருகித் திருகினால் வாய் திறக்கும், கஞ்சியை ஊற்றலாம். நான்கையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். கப்பலில் அவர்களைப் பாட்டும் ஆட்டமுமாகச் சந்தோஷமாக வைத்திருக்கிறோம் என்று வியாபாரிகள் சாட்சி சொல்ல வருவார்கள். சந்தோஷமாக இருப்பவர்களின் வாயைத் திறக்க இரும்பு எதற்கு என்று அப்போது கேட்கலாம்.

அவர் தங்கியிருந்தது ‘கிங்ஸ் ஆர்ம்ஸ்’ விடுதி. அவர் யார், என்ன தேடுகிறார் என்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் அவரைப் பார்ப்பதற்கென்றே அடிமைக் கப்பல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாதம் செய்தார்கள், வைதார்கள். அடிமைக் கப்பல்களில் வைத்தியராக இருந்து வெறுத்து வெளியேறிய அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ் கிளார்க்சனோடு வந்திருந்தார். நல்ல உடற்கட்டு. வெளியே போகும்போது கோட்டுக்குள் துப்பாக்கி வைத்திருப்பார். கிளார்க்சனுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன.

அவர் நிறுத்தவில்லை. பீட்டர் கிரீன் என்ற கப்பல் பணியாளர், மேற்கு ஆப்பிரிக்காவின் போனி ஆற்றில் நின்ற ஓர் அடிமைக் கப்பலில் அடித்தே கொல்லப்பட்ட விவரம் அவர் கைக்கு வந்திருந்தது. அடித்தவர்கள் லிவர்பூலில்தான் இருந்தார்கள். நேரில் பார்த்த சாட்சிகளை ஒவ்வொருவராகச் சேர்க்க ஆரம்பித்தார். இந்த முறை பேச்சு இன்ஷூரன்ஸைப் பற்றி இல்லை. தூக்குக் கயிற்றைப் பற்றியது.

ஒரு நாள் பலத்த காற்று. புயலில் சிக்கிய படகுகளைப் பார்க்கத் துறைமுக மேடையின் கோடிவரை போனார் கிளார்க்சன். ஃபால்கன்பிரிட்ஜ் உடன் இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பியபோது எதிரே எட்டு, ஒன்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். வழிவிடுவார்கள் என்று நினைத்து நடந்தார். அவர்கள் ஒருவரோடு ஒருவர் நெருங்கிக்கொண்டார்கள். நெஞ்சால் இடித்துப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கினார்கள். அப்போதுதான் அந்த முகங்களில் ஒன்றை அடையாளம் கண்டார். பீட்டர் கிரீனை அடித்துக் கொன்றதாக அவர் சாட்சி தேடிக்கொண்டிருந்த ஆள்.

மேடையின் விளிம்புக்கும் கிளார்க்சனின் காலுக்கும் நடுவில் அப்போது இருந்தது ஒரு கஜம்.

(தொடரும்)